பட்டாணி அளவு கணையம்

எண்டோஸ்கோபி முடிந்து எனக்கு மயக்கம் தெளிவதற்குள், டாக்டர் சொல்ல வேண்டியதையெல்லாம் என் கணவரிடம் சொல்லி முடித்திருந்தார். நம் ஊர் வழக்கம் அப்படி. வயிறு என்னுடையது, செய்தி மட்டும் கூட வந்தவருக்கு.

தாம்பரத்திலிருந்து சிட்லபாக்கம் திரும்பும் ஆட்டோவில் நானே கேட்டேன்.

"ஒண்ணுமில்ல," என்றார், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "வயித்துச் சுவர்ல பட்டாணி சைஸுக்கு ஒரு கட்டி. கணையத்தோட துண்டாம். பொறக்கும்போதே எடம் மாறி அங்க தங்கிடுச்சாம். அது பாட்டுக்கு இருக்கட்டும்னுட்டார்."

கணையம் என்பது எங்கள் வீட்டில் சாதாரணமாகப் புழங்கும் சொல் இல்லை. இரண்டு வருடம் முன்பு என் கொழுந்தனார், இவருடைய ஒரே தம்பி, கணையப் புற்றுநோயில்தான் போனார். கடைசி நான்கு மாதம் எங்களோடுதான் இருந்தார். நோயின் பெயரை அவரிடம் யாரும் சொல்லவில்லை. "அல்சர்தான், ஒண்ணுமில்ல" என்றோம். அதை அதிகம் சொன்னவள் நான். கஞ்சி கொடுக்கும்போது சொல்வேன், மாத்திரை கொடுக்கும்போது சொல்வேன், வலியில் அவர் முகம் சுருங்கும்போதும் சொல்வேன். "சரி அண்ணி" என்று தலையாட்டுவார்.

அதே "ஒண்ணுமில்ல" இப்போது எனக்கு வந்திருக்கிறது. கணையம் போய் வயிற்றில் வளருமா? கதை கட்டுவதற்கும் ஓர் அளவு வேண்டாமா? கீழ்க்கட்டளைப் பள்ளிக்கூடத்தில் இருபத்தைந்து வருடமாகக் கணக்கு டீச்சராக இருக்கிறேன். வீட்டுப்பாட நோட்டை மாடு தின்றுவிட்டது என்று சொல்லும் பிள்ளைகள்கூட இவரைவிட நம்பும்படி சொல்வார்கள்.

மறுநாள் காலை அவரே காப்பி போட்டுக் கொண்டுவந்தார். ஃபில்டர் எந்த அலமாரியில் இருக்கிறது என்றே தெரியாத மனிதர். சாயங்காலம் அரை கிலோ திராட்சை வந்தது. எனக்குச் சந்தேகம் முற்றிவிட்டது. புதன்கிழமை வேண்டுமென்றே மோட்டாரை நிறுத்தாமல் விட்டேன். தொட்டி நிரம்பி, தண்ணீர் வாசல் வரை ஓடியது. வழக்கமாக இதற்குத் தெருவே கேட்கக் கத்துவார். அன்று பேசாமல் போய் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தார். கொழுந்தனாருக்கு நோய் என்று தெரிந்ததும் முதலில் நின்றது இவர் அவரோடு போடும் சண்டைதான்.

வியாழக்கிழமை கேளம்பாக்கத்தில் வேலை பார்க்கும் மகள் லேப்டாப்போடு வந்து இறங்கினாள். "சும்மாதாம்மா, வொர்க் ஃப்ரம் ஹோம்." ரிப்போர்ட் எங்கே என்று கேட்டால், "ஆபீஸ்ல இருக்கு" என்றார் இவர். பயந்தேன். அடுத்துச் செய்ததை எழுதவே இப்போதும் கூச்சமாக இருக்கிறது. பீரோவைத் திறந்து, மகளுக்குப் போக வேண்டிய பட்டுப்புடவைகளைத் தனியாக எடுத்து அடுக்கினேன்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுத் தனியாக ஆட்டோ பிடித்தேன். "இன்னா மேடம், ஒரே டென்சனா கீறீங்க?" என்றார் ஆட்டோக்காரர். முகத்திலேயே தெரிந்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள்: "பேஷண்ட்டா, அட்டெண்டரா?"

வரும் வழியெல்லாம் இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். பேஷண்ட் என்றால் உண்மை வராது. "அட்டெண்டர். பேஷண்டோட அக்கா," என்றேன். வாயில் குழாயோடு கிடந்தவளை டாக்டர் எங்கே அடையாளம் வைத்திருக்கப்போகிறார்?

உள்ளே டாக்டர் ஃபைலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அக்காவா?"

"ஆமா சார். உள்ளதைச் சொல்லுங்க, நான் தாங்கிப்பேன். அவகிட்ட சொல்ல மாட்டேன்."

"தாராளமா சொல்லலாம்மா, மறைக்க ஒண்ணுமே இல்ல." திரையை என் பக்கம் திருப்பினார். சிவந்த சுவரில் சின்ன மேடு, அதன் நடுவில் தொப்புள் மாதிரி ஒரு குழி. "அம்மா வயித்துல குழந்தையா இருக்கும்போதே கணையத்துலேர்ந்து ஒரு துணுக்கு பிரிஞ்சு இங்க நின்னுடுச்சு. அம்பது வருஷமா இங்கதான் இருக்கு. கேன்சர் இல்ல. அது நம்மளைத் தொந்தரவு பண்ணாத வரைக்கும் நாம அதைத் தொந்தரவு பண்ண வேண்டாம்."

நான் எழுந்ததும் சொன்னார்: "நெஞ்செரிச்சலுக்குக் குடுத்த மாத்திரையை மட்டும் விடாம சாப்பிடச் சொல்லுங்க, உங்க தங்கச்சியை." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

சாயங்காலம் இவர் வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். காப்பி எதற்கு, திராட்சை எதற்கு, மகளை எதற்கு வரவழைத்தீர்கள், ரிப்போர்ட் ஏன் ஆபீஸில்?

"கணையம்னதும் எனக்கு உசுரே இல்ல," என்றார். "டாக்டர் சொன்னதை நானே நம்பல. ஆபீஸ்ல ஒருத்தரோட அண்ணன் டாக்டர். அவர்கிட்ட ரிப்போர்ட்டைக் குடுத்தனுப்பினேன். இன்னைக்குத்தான் ஃபோன் பண்ணினார். அவரும் அதையேதான் சொல்றார்."

கோபம் அடங்கவில்லை எனக்கு. "நாலு நாள் செத்துப் பிழைச்சேன். நீங்க ஒண்ணுமில்லன்னப்ப ஒரு தடவைகூட நம்ப முடியல. உங்க தம்பி பாவம், நான் சொன்னதை எப்படித்தான் நம்பினாரோ."

"அவன் நம்பல. மொத மாசமே அவனுக்குத் தெரியும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அவன்தான் சொல்லாதேன்னான். 'அண்ணி அவ்வளவு கஷ்டப்பட்டுச் சொல்றாங்க, நான் நம்பினதாவே இருக்கட்டும்'னான்."

அந்த நான்கு மாதமும் அவரைத் தேற்றிக்கொண்டிருந்தது நான் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். கஞ்சிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அவர் "சரி அண்ணி" என்றதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அவர் போன அன்று வராத அழுகை இப்போது வந்தது; மகள் ஓடிவந்து "என்னம்மா, ரிப்போர்ட்ல ஏதாவதா?" என்று கேட்டும் நிற்கவில்லை.

"ஒண்ணுமில்லடி," என்றேன். அவள் நம்பவில்லை.