நூற்றுக்குத் தொண்ணூற்றாறு

நோயாளியின் விரலில், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் கிளிப்பை மாட்டுவாள் அந்த நர்ஸ். அதில் எண் ஒளிர்வதற்குள் உள்ளங்கையால் மூடிவிடுவாள். பிறகுதான் முகத்தைப் பார்ப்பாள்.

"நாக்க நீட்டுங்கண்ணே. மாமியார்கிட்ட காட்ட முடியாத நாக்குதானே, எங்கிட்ட தைரியமா காட்டுங்க!"

நாக்கு, உதட்டின் உட்புறம், கீழிமை, நகம். எங்காவது நீலம் பூத்திருக்கிறதா என்று எல்லாம் பார்த்த பிறகே எண்ணை மூடிய கை விலகும். அவசரப் பிரிவில் அவளுக்கு 'நாக்கு சிஸ்டர்' என்றே பெயர். டாக்டர்கள் கேலியாகச் சொல்வார்கள்; ஆயாக்கள் செல்லமாக. வெளுத்த தோல்காரர்களிடம் இந்தச் சோதனை சட்டென்று முடிந்துவிடும். தன்னைப் போலக் கறுத்தவர்களிடம்தான் இத்தனை நேரம்.

வயது நாற்பத்தேழு. மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே முடிப்பாள். மூச்சிரைப்போடு நான் படுத்திருந்த நாலு நாளில் அவள் உட்கார்ந்து பார்த்தது ஒரே ஒரு தடவைதான்.

ஒரு நாள் நின்றபடியே சொன்னாள்: "வெள்ளைக்காரன் ஆண்டப்ப, எங்கப்பா காலத்துல ஆஸ்பத்திரிக்கு ரெண்டு வாசல். கறுப்புத் தோலுக்குப் பின்வாசல்னு பலகையே மாட்டியிருந்தாங்க. அப்பா அந்தப் பலகையைத் திட்டிக்கிட்டே உள்ள போவாராம். இப்போ நான் யாரைத் திட்டுறது? எல்லாருமே சிரிச்ச முகமால்ல இருக்காங்க!"

பலகை போய்விட்டது. முன்வாசல் வழியாகத்தான் அவள் வேலைக்கு வருகிறாள். ஆனால் மூச்சின் அளவு சொல்லும் இந்தச் சின்னக் கிளிப், பெரும்பாலும் வெளுத்த விரல்களிலேயே சோதித்துப் பழக்கப்பட்டது. கறுத்த விரலில் சில சமயம் இல்லாத மூச்சையும் இருப்பதாகக் காட்டிவிடும். அதற்கு வன்மம் கிடையாது. வெட்கமும் கிடையாது.

நாலாம் நாள் பகலில், என் பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு பெயின்டர் வந்தார். நல்ல கறுப்பு. கிளிப் தொண்ணூற்றைந்து என்றது. வீட்டுக்குப் போகலாம் என்று சின்ன டாக்டர் சிரித்தபடி சொல்ல, பெயின்டரின் மனைவி பையை எடுத்துக்கொண்டாள்.

"சார், இவர் உதடு சரியில்ல. ரத்தம் எடுத்துப் பாத்துடலாம்."

"மறுபடியும் நாக்கா, சிஸ்டர்?"

"ஒண்ணுமில்லேன்னா நாளைக்கு ஊர் முழுக்க என்னைக் கேலி பண்ணுங்க சார். இப்ப எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தார். ரத்தம் சொன்ன எண் எண்பத்திரண்டு. டாக்டரின் சிரிப்பு உதிர்ந்தது. ஓடினார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் பெயின்டரின் உதட்டில் சிவப்பு திரும்பியது. அவர் மனைவி நாக்கு சிஸ்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எங்க குலசாமி நீ, தாயி!" என்று விம்மினாள்.

சிஸ்டர் கைகளை உருவிக்கொண்டு என் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்த ஒரு தடவைதான்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி என் தம்பியும் இதே கட்டில்லதான் படுத்திருந்தான். பஸ் மெக்கானிக். மூச்சு இழுக்குதுக்கான்னான். நம்பரைப் பாத்தேன், தொண்ணூத்தாறு. மெஷினைவிடப் பெரிய ஆளாடா நீ, நடிக்காத, வீட்ல போய்ப் படுன்னு அனுப்பினேன். டாக்டர் இல்லீங்க. நான்! இதே கறுப்புத் தோலை வச்சிக்கிட்டு, நான்தான் அனுப்பினேன்!"

மறுநாள் காலை அவன் எழுந்திருக்கவில்லை.

செல்போனை எடுத்துக் காட்டினாள். புறப்படுமுன் அவன் எடுத்து அனுப்பிய படம். கிளிப் மாட்டிய விரலைக் கன்னத்தருகே தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறான். கீழே எழுதியிருக்கிறான்: 'நூத்துக்குத் தொண்ணூத்தாறுக்கா! பள்ளிக்கூடத்துல ஒரு தடவையாவது இப்படி வாங்கியிருக்கேனா?'

படத்திலிருந்த எண்ணைக் கட்டைவிரலால் மூடினாள். போனைக் கண்ணருகே கொண்டுபோய்த் தம்பியின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.