தைல மரத்துக் கரடியும் சினேகாவும்

என் பேத்தி சினேகா பள்ளிக்கூடம் முடித்ததிலிருந்து அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனியில் லேபிள் ஒட்டி வந்தாள். அவள் அப்பன், என் மகன் செல்வக்குமார், அதே கம்பெனியில் மருந்து அடைக்கும் அறையில் கருகிப் போனவன். அந்த அறைக்குள் மட்டும் கால் வைக்க மாட்டேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் வேலைக்குப் போனாள்.

போன சீசனில் மத்தாப்புப் பெட்டிக்குப் புது லேபிள் வந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு குட்டிக் கரடி, மரக்கிளையைக் கட்டிப்பிடித்தபடி. கோலா என்று பேராம். கரடியே இல்லையாம், கங்காரு மாதிரி வயிற்றுப் பையில் குட்டியைச் சுமக்குமாம். ஆஸ்திரேலியாவில் கிழக்குக் கரையோரக் காடுகளில், தைல மரத்திலேயே தூங்கி, அந்த இலையையே தின்று கிடக்குமாம். செல்போனில் பார்த்துப் பார்த்துச் சொல்லுவாள். நம்ம ஆமத்தூர்ப் பக்கம் தைலத் தோப்பு இருக்கே, இங்கன கொண்டாந்து விட்டால் பிழைக்காதா என்று கேட்டேன். சிரித்தாள். தைல மரத்தில் நூற்றுக்கணக்கான வகை உண்டாம், சிலதின் இலைதான் அதன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமாம்.

ஒரு நாள் காடு பற்றி எரியும் படம் காட்டினாள். மற்ற மிருகமெல்லாம் ஓட, இந்தக் கோலா மட்டும் மரத்தின் உச்சிக்கு ஏறியது.

"இறங்கி ஓட வேண்டியதுதானே, கூறுகெட்டது" என்றேன்.

"மரத்தை விட்டா அதுக்கு எங்கன போகத் தெரியும், அப்பத்தா?"

பொங்கல் கழிந்ததும் லேபிள் ஒட்ட மிசின் வந்துவிட்டது. மருந்து அறைக்கு வருவதானால் வா, இல்லையென்றால் வீட்டில் இரு என்று சொல்லிவிட்டார்கள். விருதுநகரில் ஜவுளிக்கடை, பருப்பு மில் என்று ஏறி இறங்கினாள். எங்கேயும் ஆள் எடுக்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து மருந்து அறைக்கே வருகிறேன் என்று கம்பெனியில் சொல்லிவிட்டு வந்தாள்.

மருந்து அறையில் பருத்தித் துணிதான் உடுத்தலாம். நைலான் உரசினால் பொறி பறந்துவிடும். மகனை அனுப்பியவளுக்கு இது தெரியாதா? திங்கட்கிழமை விடியும் முன்னே அவளுடைய பருத்திச் சேலை இரண்டையும் வாளித் தண்ணீரில் முக்கி வைத்தேன்.

பார்த்தவள் கோபப்படவில்லை.

"என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணியே, புள்ள" என்றேன்.

"சத்தியத்தை உலையில போட்டா வேகுமா, அப்பத்தா?"

ஒரு சேலையை முறுக்கிப் பிழிந்து அப்படியே கட்டிக்கொண்டாள். கம்பெனி வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் அச்சங்குளம் போவதற்குள் காய்ந்துவிடும் என்று சொல்லி ஏறிப் போனாள்.

மற்றொரு சேலை வாளியில் கிடந்தது. நாளைக்கு வேண்டுமே என்று நானே அலசிக் கொடியில் போட்டேன்.