உடுப்பைக் காட்டினால் லைசென்ஸைக் காட்டுவேன்

என் வீட்டுக்காரர் சட்டம் பேசுகிறவர். எண்பதுகளில் ஏற்காட்டிலிருந்து குப்பனூர் வழியாகச் சேலத்துக்கு ஜீப் ஓட்டியவர்களில், போலீஸ் கை காட்டியதும் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கி ஓடாத ஒரே ஆள் அவர்தான். சீட்டை விட்டு நகரமாட்டார். "கை காட்டுனா நிறுத்தோணும், கேட்டா லைசென்ஸ எடுத்துக் காட்டோணும். அது நம்ம கடமை. கும்புடு போடறது கடமையில்ல புள்ள" என்று என்னிடம் சொல்வார். என்னிடம் சொல்லி என்ன பிரயோசனம்? எனக்கு ஓட்டத் தெரிந்ததெல்லாம் ஆட்டுக்கல் ஒன்றுதான்.

அவர் இப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை கீழே சேலத்தில் ஒரு காவலர் இவருடைய லைசென்ஸை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ரசீது எதுவும் தராமல் போய்விட்டார். அதைத் திரும்ப வாங்குவதற்குள் இவருக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அந்த அலைச்சலில் தெரிந்த வக்கீல் குமாஸ்தா ஒருவரை நச்சரித்து இரண்டு விஷயங்களை மனப்பாடம் செய்துகொண்டார். உடுப்பில் இருக்கிற போலீஸ் கேட்டால்தான் காட்ட வேண்டும். வாங்கி வைத்துக்கொள்வதானால் அதற்கு ஒரு சீட்டு எழுதித் தர வேண்டும்.

இதில் முதல் விஷயம் எங்கள் மலையில் ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. செக்போஸ்டில் நிற்கும் போலீஸ்காரர்கள் விடிகாலைக் குளிருக்குத் தலையில் குரங்குக் குல்லா, உடம்பெல்லாம் கம்பளி என்று நிற்பார்கள். யார் போலீஸ், யார் பால்காரர் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். இவர் வண்டியை நிறுத்திவிட்டு, "கம்பளிய வெலக்குங்க ஐயா, உள்ள உடுப்பு இருக்குதான்னு பாத்துட்டு லைசென்ஸ எடுக்கறேன்" என்பார். அவர்களும் சிரித்துக்கொண்டே கம்பளியை விரித்துக் காக்கியையும் பொத்தானையும் காட்டுவார்கள். பின்னால் உட்கார்ந்திருக்கும் கூடைக்காரப் பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நாளடைவில் மற்ற டிரைவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். கம்பளியைத் திறந்து காட்டாமல் லைசென்ஸ் கேட்பது மரியாதையில்லை என்கிற அளவுக்கு அது வழக்கமாகிவிட்டது.

பிள்ளைகள் விடுதியில் சேர்ந்து வீடு வெறிச்சென்று ஆன பிறகு, தோட்டத்துப் பழங்களைக் கூடையில் கட்டிக்கொண்டு நானும் தினமும் அவரோடு கிளம்ப ஆரம்பித்தேன். முன் சீட்டு எனக்கு. அந்தக் காலைகளை நினைத்தால் இப்போதும் அரைத் தூக்கத்தில் இருப்பது போலிருக்கிறது. மூடுபனி, எங்கள் பேச்சில் மஞ்சு, இறங்கிவிட்டால் சாலை இருக்காது, பள்ளம் இருக்காது. ஜீப்பின் உறுமல் மட்டும் எங்களைத் தாங்கிக்கொண்டு போகும். ஒரு சில்வர் ஓக் மரம் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து வந்து நிற்கும், மறுபடி ஒன்றுமில்லாமல் போகும். காப்பி பூத்திருந்தால் தோட்டம் கண்ணுக்குத் தெரியாமல் வாசனையாக மட்டும் கூடவே வரும். பின்னால் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கண்ணயர்வார்கள். அப்போது இவர் மெல்லக் கேட்பார்.

"என்ன தெரியுது, சொல்லு புள்ள."

"இந்தப் பக்கம் ஒரு பாறைங்க. ஈரமா மினுங்குது."

"அப்புறம்?"

"வளைவு வருதுங்க. ஓரத்துல ஒரு கன்னுக்குட்டி நிக்குது."

நான் சொல்லச் சொல்ல வண்டி திரும்பும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் பேச்சை இவ்வளவு பொறுமையாகக் கேட்டதே இல்லையே என்று எனக்கு உள்ளூரப் பெருமை. கண்ட பாறையையும் மரத்தையும் பற்றிப் புருஷனிடம் சொல்லிக்கொண்டு மேகத்துக்குள் இறங்கிப் போவது எத்தனை பேருக்குக் கிடைக்கும்? நான் சந்தோஷமாக இருந்தேன். அதை வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

கோடை பிறந்த பிறகு ஒருநாள் துளி மஞ்சு இல்லை. பளீரென்று வெயில். கீழே குப்பனூரின் ஓட்டுக்கூரைகள் வரை தெளிவாகத் தெரிந்தது. அன்றைக்கும் அவர் கேட்டார்.

"என்ன தெரியுது, சொல்லு புள்ள."

நான் திரும்பி அவர் கண்ணைப் பார்த்தேன். வாய் மட்டும் வழக்கம் போல மரத்தையும் வளைவையும் சொல்லிக்கொண்டே வந்தது. வீடு வந்து சேர்ந்ததும் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

"ஏனுங்க, உங்களுக்குக் கண்ணு தெரியுதுங்களா, இல்லீங்களா?"

"வெளிச்சம் தெரியுது. மத்ததெல்லாம் மசமசன்னு இருக்குது. வழிதான் எனக்கு மனப்பாடமாச்சே."

"கன்னுக்குட்டியும் மனப்பாடமாங்க? பின்னால அத்தன உசுரு உக்காந்திருக்குது."

"சேர்வராயன் கோயில் நோம்பி முடியட்டும். அப்புறம் விட்டர்றேன்" என்றார்.

நோம்பி என்றால் திருவிழா. அந்த நாட்களில் மலையில் ஜனம் தாங்காது. அந்தக் கூட்டத்தில் வண்டி எடுக்காதவனை யாரும் டிரைவர் என்று சொல்ல மாட்டார்கள். இவருக்குக் காசைவிட அந்தச் சொல்தான் பெரிது. எனக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனாலும், "நாளைக்கு நான் வண்டியில ஏற மாட்டேன், என்ன பண்றீங்கன்னு பாக்கறேன்" என்று வீம்பாகச் சொன்னேன். மறுநாள் விடிந்ததும் அவர் சாவியை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினார். நான் ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

இரவு பெய்த மழையில் அன்று மஞ்சு மலையை அப்படியே விழுங்கியிருந்தது. செக்போஸ்டில் கை காட்டினார்கள். "நிறுத்துங்க" என்றேன், நிறுத்தினார். யாரோ பெரிய அதிகாரி மலைக்கு வருகிற நாள் போலிருக்கிறது. கம்பளி, குல்லா ஒன்றையும் காணோம். புதிதாக வந்த சப்-இன்ஸ்பெக்டர் இஸ்திரி மடிப்புக் கலையாத காக்கியில், தொப்பியும் பெல்ட்டுமாக, இவர் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றார்.

"லைசென்ஸ்."

என் வீட்டுக்காரர் அவர் பக்கம் திரும்பிச் சிரித்தார். "கம்பளிய வெலக்குங்க ஐயா, உள்ள உடுப்பு இருக்குதான்னு பாத்துட்டு எடுக்கறேன்."

பின்னாலிருந்த பெண்கள் பழக்கதோஷத்தில் சிரிக்க ஆரம்பித்தார்கள். பிறகு எட்டிப் பார்த்தார்கள். சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது.

"என்னய்யா, கிண்டலா? எந்தக் கம்பளி?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

இவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் எதையோ தேடியது. அந்த முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. லைசென்ஸை எடுத்துக் கொடுத்தார். சப்-இன்ஸ்பெக்டர் படத்தைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார். காலக்கெடு இன்னும் இருந்தது. ஒரு குறை சொல்ல முடியாது.

"எல்லாம் சரியா இருக்கு. மரியாதையா பேசிப் பழகு. போ."

அவர் நீட்டிய லைசென்ஸுக்கு ஒரு சாண் தள்ளிப் போய் இவர் கை வெறுங்காற்றில் நின்றது. நான்தான் எட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அதற்குள் சப்-இன்ஸ்பெக்டர் அடுத்த வண்டியைப் பார்க்கத் திரும்பிவிட்டார். இனி சட்டப்படி எங்களை நிறுத்த யாரும் இல்லை. இவர் கியரைப் போட்டுவிட்டு என் பக்கம் சாய்ந்து, "என்ன தெரியுது, சொல்லு" என்றார்.

நான் சொல்லவில்லை. தலையை வெளியே நீட்டி சப்-இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டேன். "ஐயா, லைசென்ஸு சரிதானுங்க. அவருக்குக் கண்ணுதான் சரியில்லீங்க."

என்ஜினை இவரேதான் நிறுத்தினார். மரங்களிலிருந்து நீர் சொட்டுவது கேட்டது. இவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ சப்-இன்ஸ்பெக்டர் நின்ற திக்கைப் பார்த்துச் சொன்னார்: "அப்படின்னா இவகிட்டயும் லைசென்ஸ் கேளுங்க ஐயா. இத்தன நாளா இந்த வண்டிய ஓட்டுனது இவதானுங்க."

கோபத்தில் சொன்னாரா, கேலியாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என்னிடமிருந்து சப்-இன்ஸ்பெக்டர் லைசென்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டபோது, "வாங்கி வெச்சுக்கறதா இருந்தா சீட்டு எழுதிக் குடுக்கோணுங்க" என்றார் இவர். "தர்றேங்க" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். அவர் வாயில் மரியாதை அப்போதுதான் வந்தது. பானட்டின் மேல் தாளை வைத்து நின்றபடியே எழுதித் தந்தார்.

பின்னால் வந்த ஜீப்பில் சும்மா உட்கார்ந்து வந்த இன்னொரு டிரைவர் எங்கள் வண்டியை எடுத்தார். நாங்கள் இரண்டு பேரும் பின்னால், கூடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். வண்டி மஞ்சுக்குள் இறங்கியது. அந்தச் சாலை என் உடம்பிலேயே ஊறிவிட்டிருந்தது. முதல் வளைவுக்கு என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"வளைவு வருதுங்க."

இவர் என் கையைத் தேடிப் பிடித்தார். "சும்மா இரு புள்ள. ஓட்டறவனுக்குக் கண்ணு தெரியுது."

சேலம் வரும்வரை நாங்கள் பேசவில்லை. பேசுவதற்கு எங்களிடம் வேறொன்றும் இருக்கவில்லை.