கோஸ் வாசனையடித்த ஒயின்

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம். மயிலாப்பூரில் அக்கா வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தால், தோசை மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் இரண்டு சின்ன பாட்டில்கள் ஒளிந்துகொண்டிருந்தன. உள்ளே வெளிர் மஞ்சளாக ஏதோ. லேபிள் கிடையாது. ஒன்றின் மேல் 1, இன்னொன்றின் மேல் 2 என்று பேனாவால் எழுதியிருந்தது.

"என்னக்கா இது... லேபுக்குக் குடுக்கணுமா?" என்றேன்.

அக்கா காதில் விழாத மாதிரி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஹாலிலிருந்து ஸ்ரீதர்தான் பதில் சொன்னான். "ஒயின் மாமா. நான் பண்ணினது."

ஸ்ரீதர் அக்காவின் ஒரே பிள்ளை. ஆஸ்திரேலியாவுக்கு கம்ப்யூட்டர் வேலைக்குப் போனவன், மூன்று வருடம் முன்பு அதை விட்டுவிட்டு, ஒயின் தயாரிக்கப் படித்து, அடிலெய்டு பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் சேர்ந்துவிட்டான். இப்போது இரண்டு வார லீவில் வந்திருக்கிறான்.

பிள்ளை என்ன செய்கிறான் என்று யார் கேட்டாலும் அக்கா, "பழத் தோட்டத்தைப் பாத்துக்கறான்" என்பாள். பொய் இல்லையே? அதற்கு மேல் துருவினால் சட்டென்று தக்காளி விலைக்குப் போய்விடுவாள். அவனிடமும் அப்படித்தான். போனில் சாப்பிட்டாயா, குளிருகிறதா என்பதோடு சரி. வேலையைப் பற்றி இந்த மூன்று வருடத்தில் ஒரு கேள்வி கேட்டதில்லை. அவனுக்கு அதில் வருத்தம். சொல்ல மாட்டான். ஆனால் எனக்குத் தெரியும்.

பாட்டில்களை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனோம். கிரகப்பிரவேசத்துக்கு யாரோ கொடுத்த கண்ணாடி டம்ளர்களில் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றினான்.

"இந்தத் திராட்சை பேர் ஃபியானோ, மாமா. தெற்கு இத்தாலி, நேப்பிள்ஸ் பக்கம். பழம் சின்னது, தோல் தடி, காய்ப்பும் கம்மி. அங்கேயே ஒரு காலத்துல நிறைய பேர் வேண்டாம்னு விட்டுட்டா."

"அப்பறம் நீங்க ஏன்டா அதைப் பிடிச்சுண்டு தொங்கறேள்?"

"வெயில்தான். எங்க ஊர்ல கோடையில நாப்பது டிகிரி அடிக்கும். மத்த வெள்ளைத் திராட்சையெல்லாம் புளிப்பு போய் சப்புனு ஆயிடும். இது மட்டும் விடாது."

எங்க ஊர் என்றால் அடிலெய்டு. கவனித்துக்கொண்டேன்.

ஆனால் அந்தத் திராட்சை எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. எந்த வெயிலிலும் தன் புளிப்பை விட்டுக்கொடுக்காத ஒருத்தி அப்போது உள்ளே வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அதுவும் போக... சொந்த ஊரில் சீந்த ஆளில்லை, கடல் கடந்து போன இடத்தில் கொண்டாட்டம். இந்தக் கதை மயிலாப்பூர் அபார்ட்மென்ட்டுகளில் நாம் கேட்காததா?

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தான். இந்த வருடம் முதல் முறையாக ஃபியானோவை முழுக்க அவன் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். இரண்டு டேங்க்; இந்த இரண்டு பாட்டிலும் அவற்றின் சாம்பிள். ஒன்று நன்றாக வந்துவிட்டது. இரண்டாவதில் ஏதோ சரியில்லை. அதைத் தனியாக பாட்டிலில் அடைப்பதா, இல்லை மட்ட ஒயினோடு கலந்து தலைமுழுகுவதா என்று திங்கட்கிழமைக்குள் சொல்லச் சொல்லியிருக்கிறார் முதலாளி.

"மோந்து மோந்து என் மூக்கே என்னை ஏமாத்தறது மாமா. நீங்க சொல்லுங்கோ."

ஒன்றாம் நம்பரைக் குடித்தேன். "நன்னாருக்கு." இரண்டாம் நம்பரைக் குடித்தேன். "இதுவும் நன்னாருக்கு." அவன் முகம் தொங்கிவிட்டது. நான் என்ன செய்ய? என் மூக்கு கண்ணாடி மாட்டிக்கொள்வதற்காகக் கொடுக்கப்பட்டது.

அப்போதுதான் சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"என்னடா அங்க கோஸ் நாத்தம்? நான் இன்னிக்குக் கோஸே வாங்கலையே!"

ஸ்ரீதர் டம்ளரைப் பிடித்தபடி அப்படியே நின்றான்.

அக்காவின் மூக்கைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். சுவாமிக்கு நைவேத்தியம் ஆகும்வரை சமைத்ததை வாயில் வைக்கக் கூடாது என்பது அவள் வீட்டு வழக்கம். அப்படியென்றால் உப்பு சரியா என்று எப்படித் தெரியும்? மோந்து பார்ப்பாள். கொதிக்கிற சாம்பாருக்கு மேல் குனிந்து, "அரை ஸ்பூன் போறாது" என்பாள். நாற்பது வருடமாக இதே கதைதான். நான் அந்த வீட்டில் உப்புக் கேட்டுச் சாப்பிட்டதில்லை.

ஸ்ரீதர் இரண்டாம் நம்பர் டம்ளரோடு உள்ளே ஓடினான். நான் பின்னாலேயே.

"கிட்ட கொண்டு வராதேடா! வெள்ளியும் சனியுமா..."

"குடிக்க வேண்டாம்மா. மோந்து பாத்தாப் போறும். டேஸ்ட் பண்றச்சே நாங்களே குடிக்க மாட்டோம், துப்பிடுவோம்."

"துப்பறதுக்கா அத்தனை செலவழிச்சுப் படிச்சே?"

ஆனாலும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடி, குனிந்தாள். சாம்பாருக்குக் குனிகிற அதே மாதிரி.

"கோஸை மூடி போட்டு வேக வெச்சா வருமே, அதேதான். அடியில என்னமோ நன்னாத்தான் இருக்கு. காத்தே படாம மூடியே வெச்சிருக்கே. திறந்து ஆத்துடா."

அவன் டபரா டம்ளரை எடுத்து ஆற்ற ஆரம்பித்தான். மேடையெல்லாம் சிந்தியது. இரண்டு நிமிடம் பொறுத்தாள். அதற்கு மேல் முடியவில்லை.

"தள்ளு. டபரா ஆத்தத் தெரியல, ஒயின் பண்றானாம்!"

பிடுங்கிக்கொண்டாள். நீங்கள் நம்ப மாட்டீர்கள்... கிட்டே வராதே என்ற அதே அக்கா, காபிக்கு ஆற்றுவது போல ஒரு முழ உயரம் தூக்கி, ஒரு சொட்டுக் கீழே விழாமல், ஆஸ்திரேலிய ஃபியானோவை ஆற்றிக்கொண்டிருந்தாள். ஏழெட்டுத் தடவை ஆனதும் நிறுத்தி, மறுபடி குனிந்தாள்.

"கோஸ் போயிடுத்து. இப்போ தேன் வாசனை. அப்பறம்... வேர்க்கடலை வறுத்துத் தோலை ஊதறச்சே வரும் பாரு, அது."

ஸ்ரீதர் வாங்கி மோந்து பார்த்தான். சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். கண் கலங்கியிருந்தது. "மூணு வாரமா இதைத்தாம்மா தேடிண்டிருந்தேன்" என்றான்.

அக்கா டபராவைக் கழுவினாள். அதைத் துடைத்தபடி கேட்டாள்:

"அத்தனை பெரிய டேங்கை எப்படிடா ஆத்துவே?"

மூன்று வருடத்தில் முதல் கேள்வி!

பம்ப் வைத்து, ஒரு டேங்கிலிருந்து இன்னொன்றுக்குக் காற்றுப்பட மேலிருந்து கொட்டுவோம் என்று அவன் விளக்கினான். பழத்தை யார் பறிப்பார்கள் என்றாள். குருவி கொத்தாதா என்றாள். கொடியை எப்போது கத்தரிப்பீர்கள், நீ வெயிலில் தொப்பி போட்டுக்கொள்கிறாயா என்றாள். வெண்டைக்காய் பாதியில் கிடந்தது. நான் பால்கனிக்குத் திரும்பி ஒன்றாம் நம்பரை முடித்தேன்.

திங்கட்கிழமை முதலாளிக்குப் போன் செய்துவிட்டான். அங்கேயும் ஆற்றினார்கள். அவன் அடிலெய்டு திரும்பிய பிறகு செய்தி வந்தது, இரண்டாவது டேங்கையும் தனியாகவே பாட்டிலில் அடைக்கிறார்களாம்.

போன வாரம் அக்காவுக்குப் பை தூக்கிக்கொண்டு தெற்கு மாட வீதிக்குப் போனேன். காய்கறிக் கடையில் அவள் அபார்ட்மென்ட் பத்மா மாமி பிடித்துக்கொண்டார். "பையன் வந்துட்டுப் போனானாமே? அங்க என்னதான் பண்றான், ஜயா?"

அக்கா ஒரு முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஒயின் பண்றான். நான்தான் மோந்து பாத்துச் சொல்றேன்."

பத்மா மாமி அவசர அவசரமாகத் தக்காளி விலை விசாரிக்க ஆரம்பித்தார்.