சகாயமேரி அக்கா சட்டியில் போட்டுப் பார்த்த சென்சார்

சகாயமேரி அக்கா மாரடைப்பில் போய்விட்டார் என்று அவர் மகள் ஜெனிதா தொலைபேசியில் சொன்னபோது, என் பட்டறையில் ஒரு கார் உறுமிக்கொண்டிருந்தது. மறுபடியும் சொல்லச் சொன்னேன். மலேசியாவில் எங்கள் பத்து பாகாட் ஊர்த் தையல் தொழிற்சாலையில் அக்காவோடு வேலை செய்தவர்களும், தேவாலயத்தில் அவரோடு பாடியவர்களும் இந்த நினைவுக் குறிப்பைப் படிப்பீர்கள். உங்களிடம் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

போன வருடம் அக்காவின் காரில் சூடு காட்டும் முள் மேலே ஏறவே இல்லை. துணியின் தரம் பார்ப்பது அவர் வேலை. எதையும் சோதிக்காமல் நம்பமாட்டார். எஞ்சின் ஆறியதும், அதன் சூட்டை அளக்கும் சென்சாரைத் தானே கழற்றி, அதன் நுனியைச் சட்டித் தண்ணீரில் அமிழ்த்தி, அடுப்பை மூட்டி, மல்டிமீட்டரில் அதன் மின்தடையை அளந்து பார்த்திருக்கிறார். பிறகு அதைத் திரும்ப மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"தண்ணி சூடாக சூடாக நம்பர் எறங்கணும்லா தம்பி? கொதிச்சும் அசையல. சென்சார்தான் போச்சு."

பட்டறையில் மூன்று பேர் காத்திருந்தார்கள். "இடியாப்பமா அக்கா, அவிச்சுப் பாக்க?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார், முகம் மட்டும் சுருங்கிப்போனது.

"ஒரு வாட்டி நீங்களும் பாத்துருங்களேன்" என்றார்.

நான் பார்க்கவில்லை. எஞ்சினுக்குள் குளிர்நீர் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டை மாற்றினேன். அப்புறமும் முள் ஏறவில்லை. பழைய வண்டி அப்படித்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாளில், உலு திராம் என்ற ஊரில் தங்கை வீட்டில் இருந்த அவருடைய அப்பாவுக்கு முடியாமல் போனது. அக்கா உடனே காரை எடுத்தார். ஊருக்குள் நுழையும்போது நெரிசல். எஞ்சின் கொதித்தது சென்சாருக்குத் தெரியவில்லை. அதனால் குளிர்விக்கும் காற்றாடியும் சுழலவில்லை. முள் கீழேயே கிடக்க, ஆவி கிளம்பி வண்டி நின்றது. வேறு வண்டி பிடித்து அவர் போய்ச் சேர்வதற்குள் அப்பாவுக்குப் பேச்சு நின்றுவிட்டது. அதற்கு முன்பு, "மேரி வந்துட்டாளா?" என்று இரண்டு முறை கேட்டாராம்.

கார் என் பட்டறைக்கே திரும்பி வந்தது. யாரும் இல்லாத நேரம் பார்த்து, அக்கா சொன்னபடியே சென்சாரைக் கொதிநீரில் போட்டுச் சோதித்தேன். எண் அசையவில்லை. புதியதை மாட்டிவிட்டு, "வயர் லூசா இருந்துச்சு அக்கா" என்றேன்.

அக்கா சாவியை வாங்கிக்கொண்டார். "சரி தம்பி. இப்ப ஓடுதுல்ல, போதும்."

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அதன்பின் அவர் வரும்போதெல்லாம் வேலை இருப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

அடக்கத்தன்று ஜெனிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அம்மாவுக்குத் தெரியும் அங்கிள். புது சென்சார் மாட்டியிருந்ததப் பாத்துட்டாங்க. ஆனாலும் வண்டி ரிப்பேர்னா உங்ககிட்டதான் ஆள அனுப்புவாங்க. 'கை சுத்தமான வேலைக்காரன், காதுதான் கொஞ்சம் மந்தம்'னு சொல்லுவாங்க."

அன்று கெட்டிருந்தது சென்சார்தான். அக்கா சொன்னதுதான் சரி. இதை அவரிடம் சொல்ல எனக்கு ஒரு வருடம் இருந்தது. இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

என்னைப் பற்றி அவர் சொன்ன அந்த ஒரு வரியை நான் வைத்துக்கொள்கிறேன். அதில் பாதிதான் பாராட்டு. எனக்கு அடிக்கடி கேட்பது மற்றப் பாதி.