செம்பருத்திப் பொட்டலம்

என் கல்யாணம் மூன்று வெள்ளிக்கிழமை தட்டிப்போனது. மேலகரத்துப் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவளுக்கும் சம்மதம் என்று தரகர் வந்து சொல்லிவிட்டார். ஆனால் பூக்கட்டிப் பார்க்காமல் அப்பா எதற்கும் தலையாட்ட மாட்டார். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் கோயிலில் பிள்ளையார் முன்னால் வைத்து, அங்கே நிற்கிற ஏதாவதொரு குழந்தையை ஒன்றை எடுக்கச் சொல்வார். வெள்ளை என்றால் சரி, சிவப்பு என்றால் வேண்டாம். மூன்று வாரமும் சிவப்புதான் வந்தது.

"சாமியே வேண்டாங்குது. இனி அந்தப் பேச்ச எடுக்காதலே" என்றார் அப்பா.

நான் தென்காசியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். "ஒவ்வொரு தடவையும் பாதிக்குப் பாதிதான்ப்பா. மூணும் சிவப்பா வாரது எட்டுல ஒரு பங்கு. அதுல அதிசயம் ஒண்ணுமில்ல" என்றேன்.

"ஒன் கணக்கப் பள்ளிக்கூடத்தோட வச்சுக்கோ."

வந்த கோபத்தில் இரண்டு நாள் வீட்டில் சாப்பிடவில்லை. பட்டினி கிடந்தேன் என்று நினைக்க வேண்டாம், கிளப்புக்கடையில் இட்லி தின்றேன்.

அந்த வாரம் வகுப்பில் பின்னம். ஒரு துணிப்பையில் பத்துப் புளியங்கொட்டையும் பத்துப் புன்னைக்கொட்டையும் போட்டு, ஒவ்வொருவரும் பார்க்காமல் ஒன்றை எடுத்துவிட்டுத் திரும்பப் போடச் சொன்னேன். நாற்பது பேர், ஏறக்குறைய இருபது, இருபது வரவேண்டும். முப்பத்துமூன்று தடவை புன்னை வந்தது. நம்பாமல் நானே கையை விட்டேன். எனக்கும் புன்னைதான். உருண்டு பெரிதாக இருப்பதால் விரலுக்கு அதுதான் முதலில் அகப்படுகிறது.

அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் கொல்லையில் இருந்தவை நந்தியாவட்டையும் செம்பருத்தியும். அப்பா கட்டியதும் அவற்றைத்தான். வெள்ளைப் பொட்டலம் சப்பை, சிவப்பு புடைத்துக்கொண்டிருக்கும். எந்தக் குழந்தை சின்னதை எடுக்கும்?

அப்பாவிடம் கணக்குப் பேசவில்லை. அதே பூக்களை அதேபோலக் கட்டி எதிரே வைத்து, "நீங்க ஒண்ணு எடுங்க" என்றேன். அவர் கை தானாகப் பெரியதை நோக்கிப் போய்ப் பாதியில் நின்றது. இரண்டு பொட்டலத்தையும் வாங்கி அமுக்கிப் பார்த்தார்.

"வெள்ளரளியும் செவ்வரளியும் பறிச்சிட்டு வா. ஒரே அளவா நீயே கட்டு. ஆனா ஒரே ஒரு தடவதான், கேட்டியா."

அந்த வெள்ளிக்கிழமை குற்றாலத்துச் சாரல் எங்கள் தெருவரை வந்திருந்தது. எனக்கு மட்டும் வேர்த்துக்கொட்டியது. நியாயமாகக் கட்டியாயிற்று, இனிமேல்தான் நிஜமாகவே பாதிக்குப் பாதி என்பது அப்போதுதான் உறைத்தது. இந்த வார்த்தையை வகுப்பில் எவ்வளவு லேசாகச் சொல்லியிருக்கிறேன். ஒரு பெண்குழந்தை வந்து இரண்டையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. பிறகு ஒன்றை எடுத்து அப்பாவிடம் நீட்டியது. பிரித்தார். வெள்ளை.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஊரெல்லாம் கேட்கும்படி "அப்பாடா" என்றேனாம். அம்மா கடைசிவரை சொல்லிச் சிரிப்பாள். அன்றைக்கு வந்த நிம்மதி மாதிரி எனக்கு அப்புறம் வந்ததில்லை. அப்பாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கல்யாணமான புதிதில் இதையெல்லாம் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். கடைசிப் பொட்டலங்களைக் கட்டியது யார் என்று கேட்டாள். நான்தான் என்றேன்.

"ரெண்டுலயும் வெள்ளையக் கட்டாம, என்னையப் பாதிக்குப் பாதியிலயா விட்டுட்டு நின்னிய?"