அண்ணா ஒரே அடியில் போட்ட பந்து

பருத்தித்துறையில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகனாய்ப் பிறந்த அண்ணா, ஸ்கொட்லாந்தில் பொறியியல் படித்து, எழுபதுகளின் தொடக்கத்தில் மெல்பேர்ணுக்குக் குடிவந்தார். பின்னால் வந்த என்னைக் கிளென் வேவர்லி வீட்டில் வைத்துச் சோறு போட்டு, வேலைக்கும் வழிகாட்டினார். அவர் பொய் சொல்பவர் அல்லர். ஆனால் ஒரு விடயத்தில் நீங்கள் எல்லோரும் அவரை நம்பவில்லை. அதற்குக் காரணம் நான். இதனால்தான் அண்ணாவின் இந்த நினைவு மலருக்கு அண்ணி என்னை எழுதச் சொன்னபோது இரண்டு கிழமை சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடலோரத்தில், ஸ்கொட்லாந்து முறையில் மணல்மேடுகளை அப்படியே விட்டு அமைத்த கோல்ஃப் மைதானம் ஒன்றுக்கு அண்ணா என்னையும் இழுத்துப் போவார். அங்கே ஏழாவது குழியை யாரும் மதிப்பதில்லை. தூரம் குறைவு, பந்தை மூன்று தரம் அடித்துக் குழிக்குள் போட்டால் சரி. முன்னால் ஒரு மேடு நிற்பதால் குழியில் நட்ட கொடி தெரியாது. குருட்டு அதிர்ஷ்டம் என்று அங்கத்தவர்கள் முகம் சுளிப்பார்கள். நானும் அதையே சொன்னேன்.

"விசர்க்கதை கதையாதை. மற்றதுகளிலை பலத்தைக் காட்டலாம். இஞ்சை காத்தைப் பாத்து, மேட்டுக்கு அங்காலை தரை எங்கை சரியுதெண்டு மனசிலை வைச்சு அடிக்க வேணும். வலப்பக்கம் விழுந்தால் தரையே பந்தைக் கொண்டுபோய் விடும்" என்பார் அண்ணா.

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில், பந்து விழும் இடம் பார்க்க நான் மேட்டின்மேல் நின்றேன். அண்ணா அடித்த பந்து காற்றோடு வளைந்து, வலப்பக்கச் சரிவில் விழுந்து, மெல்ல உருண்டு குழிக்குள் இறங்கியது.

"விழுந்திட்டுதோ?" என்று கத்திக்கொண்டு மேலே ஓடிவந்தார்.

"ஓம் அண்ணா, விழுந்திட்டுது!" என்றேன்.

ஓய்வறையில் அண்ணா தமிழும் ஆங்கிலமும் கலந்து அதைச் சொல்லிச் சொல்லித் துள்ளினார். பியர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களில் என் புதிய மேலதிகாரியும் ஒருவர். அவர் என் பக்கம் திரும்பி, "நீ கண்ணால் பார்த்தாயா?" என்று கேட்டார். அண்ணாவின் துள்ளல் எனக்கு மானக்கேடாக இருந்தது.

"சரியாகத் தெரியவில்லை" என்றேன்.

கண்ட சாட்சி இல்லாததால், ஒரே அடியில் போட்டவர்களின் பலகையில் அண்ணாவின் பெயர் ஏறவில்லை. திரும்பும்போது காரில், "கண்ணுக்கை மண் விழுந்திருக்கும். அந்தக் காத்து அப்பிடி" என்று எனக்கு வேண்டிய சாக்குப்போக்கையும் அவரே எடுத்துத் தந்தார். நான் "ஓம்" என்றேன்.

அதன்பின் விருந்துகளில் அண்ணா இந்தக் கதையைத் தொடங்கினால், "அண்ணர் புழுகத் தொடங்கிட்டார்" என்று நீங்கள் பகிடி பண்ணுவீர்கள். அவருடைய பிள்ளைகளும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஒருநாளும் அவர் என்னைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. சென்ற மாதம் மாரடைப்பு வந்து அவர் ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி நான்கு நாளும் நான் பக்கத்தில்தான் இருந்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை. நினைக்க வெட்கமாக இருக்கிறது.

அந்த நாட்களில் சமைத்துக் கொண்டுவந்தவர்களுக்கும், பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் சென்றவர்களுக்கும், தமிழ் அச்சகம் இல்லாத இந்த ஊரில் இம்மலரைக் கையால் எழுதிப் பிரதியெடுத்துத் தந்த நண்பருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணியிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பிள்ளைகளே, உங்கள் அப்பா புழுகவில்லை. அந்தப் பந்து குழிக்குள் விழுந்ததை நான் என் கண்ணால் கண்டேன்.